நீந்தத் தெரிந்த நாய் மூழ்குவது ஏன்? மார்கழி லீவுக்கு நாயோடு வண்டி கட்டுகிறவர்களுக்கு

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து மாற்றிய டெம்போ டிராவலர்கள் ஆழியாறு, அமராவதி, கொடிவேரி, கொல்லிமலை என்று கிளம்பிவிடுகின்றன. கூரைமேல் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு, பின்னால் ஒரு லேப்ரடார். பொங்கல் நோம்பி கழிந்த கையோடு அந்த நாய்களில் சில கால்நடை மருத்துவமனைக்கு வரும்: வாந்தி, மஞ்சள் பூத்த ஈறு, தொங்கிப்போன வால், காதில் சீழ். இவற்றில் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை. மருத்துவமனை வரைக்கும் வராமலே போகிறவையும் உண்டு. அவை தண்ணீரில் போனவை.

"நாய்க்குப் பொறப்புலயே நீச்சல் தெரியுமே" என்பார்கள். பிறவியிலேயே தெரிவது காலை அடித்து மிதப்பது மட்டும்தான். பக், புல்டாக் மாதிரி தலை கனத்த, மூக்கு சப்பையான நாய்களுக்கு அதுவும் சரியாக வராது. நன்றாக நீந்துகிற நாயும் ஏன் சாகிறது என்றால், கரையேற முடியாததால். எங்கே இறக்குவது என்று பார்ப்பதற்கு முன்னால் எங்கே ஏறும் என்று பார்க்க வேண்டும்.

கொங்கு நாட்டில் இது கூடுதலாகப் பொருந்தும். தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்ட வீட்டில், வண்டியை நிறுத்தித் தங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பண்ணைக்குட்டை. தண்ணீர் உறிஞ்சாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் ஷீட் விரித்திருப்பார்கள். அதன்மேல் பாசி படிந்துவிட்டால் நகம் பிடிக்காது. நாய் விழுந்த இடத்திலேயே, அல்லது நீங்கள் நின்று கூப்பிடுகிற இடத்திலேயே, திரும்பத் திரும்ப ஏறப் பார்த்து வழுக்கும். எதிர்க்கரைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அதற்குத் தோன்றாது. நீந்திக் களைப்பதைவிட ஏறிச் சறுக்கிச் சறுக்கியே சீக்கிரம் களைத்துப்போகும். இதற்கு மூன்றடி அகலத் தேங்காய் நார்ப் பாய் ஒன்று போதும். மேல்முனையைக் கரையில் முளையடித்துக் கட்டி, கீழ்முனை தண்ணீருக்குள் இரண்டடியாவது இறங்கும்படி தொங்கவிடுங்கள். அது மிதக்காமல் இருக்க முனையில் மணல் பை கட்டுங்கள். பிறகு நாயைக் கயிற்றில் பிடித்து நான்கைந்து தடவை அந்தப் பாய்வழியாகவே ஏற்றிப் பழக்குங்கள். பழக்காமல் பாயை மட்டும் போட்டுவைத்தால் பயனில்லை. கலங்கி நிற்கும் நேரத்தில் நாய் புது வழியைத் தேடாது.

கைப்பிடிச் சுவர் இல்லாமல் தரைமட்டத்திலேயே வாய் திறந்து கிடக்கும் பழைய கிணறுகளைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயமுத்தூர் அடுக்குமாடியில் வளர்ந்த நாய்க்கு அது தெரியாது. முயலைக் கண்டால் கண்மண் தெரியாமல் ஓடும். புது இடத்தில் முதல் நாள் முழுக்க நீளக்கயிற்றிலேயே இருக்கட்டும்.

அடுத்தது வாய்க்கால். பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். நேற்று காய்ந்து கிடந்த கிளை வாய்க்காலில் இன்று கரை தொட்டு ஓடும். கான்கிரீட் பூசிய சரிவு, நல்ல இழுவை, நடுநடுவே பாலத்தடிக் குழாய்கள். நாய் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். அது ஏற முடியாத சரிவில் உங்களாலும் ஏற முடியாது. நீரோட்டம் போகிற திசையில் அதை முந்தி ஓடி, அடுத்த படித்துறையில் நின்று கூப்பிடுங்கள். கையில் கயிறோ வேட்டியோ இருந்தால் வீசலாம்.

மேட்டுப்பாளையம் பக்கம் பவானி ஆற்றின் ஆபத்து வேறு மாதிரி. மேலே பில்லூர் அணையில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால், இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும்போதே ஆறு ஏறும். பாறைத் திட்டில் பாய் விரித்து உட்கார்ந்தவர்களைச் சுற்றித் தண்ணீர் வந்துவிடும். அமராவதி நீர்த்தேக்கத்தில் முதலைகள் இருக்கின்றன. அணைக்குப் பக்கத்திலேயே வனத்துறையின் முதலைப் பண்ணையும் இருக்கிறது. அங்கே நாயை விளிம்பில் தண்ணீர் குடிக்கக்கூட விடக்கூடாது. அணைகளில் சொந்தக் கயாக்கை அனுமதி இல்லாமல் இறக்கவும் முடியாது. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நல்ல இடம் எப்படி இருக்கும்? மணலோ சரளையோ மெல்லச் சரிந்து இறங்க வேண்டும். கரையிலிருந்து பத்தடி போனாலும் நாயின் வயிற்றளவுக்கு மேல் ஆழம் கூடாது. நீங்கள் நிற்கும் இடத்துக்குக் கீழே, நீரோட்டம் போகும் பக்கத்தில், இன்னொரு ஏறுமிடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மீன் தூண்டில் போடுகிறவர்கள் கூடும் இடத்தைத் தவிருங்கள். இரை செருகிய முள்ளை நாய் விழுங்கிவிட்டால் அறுவை சிகிச்சைதான். தூண்டில் நரம்பு வாயில் தொங்குகிறதே என்று பிடித்து இழுத்தால் முள் உணவுக்குழாயில் குத்தி ஏறும். ஒரு சாண் விட்டு நறுக்கிவிட்டு நேராக மருத்துவமனைக்கு வாருங்கள்.

உயிர்காப்புச் சட்டை, கயாக், பரிசல்

நாய்க்கான சட்டை வாங்கும்போது எடையைவிட மார்புச் சுற்றளவுதான் முக்கியம். முன்னங்காலுக்குப் பின்னால் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். பட்டையை மாட்டியபின் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக்கூடாது. முதுகில் கைப்பிடி கட்டாயம். தரையில் வைத்து ஒரு சோதனை: கைப்பிடியைப் பிடித்து முன்னங்கால் இரண்டும் எழும்பும்வரை தூக்குங்கள். சட்டை காதுவரை ஏறி வந்தால் அது தளர்வு. கைப்பிடியின் தையல் வயிற்றைச் சுற்றிவரும் பட்டையோடு சேர்ந்திருக்கிறதா என்று உள்ளே திருப்பிப் பாருங்கள். வெறும் துணியோடு தைத்தது ஈர நாயின் எடையைத் தாங்காமல் பிய்ந்துவிடும்.

கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். நாயின் கயிற்றைப் படகோடு ஒருபோதும் கட்டாதீர்கள். படகு கவிழ்ந்தால் நாயும் அடியில் மாட்டிக்கொள்ளும். கயாக்கின் வழுக்குத் தரையில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் நாய் பாதி அடங்கிவிடும். பெரும்பாலான நாய்கள் எழுந்து எழுந்து நிற்பது பயத்தால் அல்ல, கால் வழுக்குவதால். முதலில் கரையில் வெறுங்கயாக்கில் உட்காரப் பழக்குங்கள், பிறகு முழங்கால் தண்ணீரில். பரிசலில் ஏறுவதானால் பரிசல்காரர் சம்மதிக்க வேண்டும். நாய் நடுவில் படுக்க வேண்டும். விளிம்பில் எட்டிப் பார்க்க விட்டால் எடை ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் மொள்ளும். பரிசல் சுழலும்போது சில நாய்களுக்குத் தலைசுற்றி வாந்தி வரும். சுழற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பந்தெறிந்து விளையாடுவதைப் பத்துப் பதினைந்து நிமிடத்தோடு நிறுத்தி இடைவெளி விட வேண்டும். வாயைத் திறந்தபடி நீந்தும் நாய் ஏராளமாகத் தண்ணீரை விழுங்கும். ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி, எச்சில் ஒழுக்கு, தள்ளாட்டம், வயிற்று உப்பசம், வலிப்பு என்று போய்விடும். லேப்ரடார் தானாக நிறுத்தாது. மறுநாள் காலை வால் அடியோடு செத்ததுபோல் தொங்கினால் எலும்பு முறிவென்று பதற வேண்டாம். குளிர்ந்த நீரில் நெடுநேரம் நீந்தியதால் வால் தசை பிடித்துக்கொள்வது அது. ஓய்வில் சில நாளில் சரியாகும். வலி அதிகமென்றால் மருத்துவரைக் கேளுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நீந்தி முடித்ததும் காதை உள்வரை துணியால் ஒற்றி எடுங்கள், பட்ஸ் வேண்டாம். சில நாள் கழித்து ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் ரத்தம் கசிந்து, நாய் தும்மிக்கொண்டே இருந்தால் உள்ளே அட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூழ்கி எடுத்த நாய்க்கு மூச்சில்லை என்றால் தலையைத் தாழ்த்தி வாயைத் துடைத்து, தண்ணீரை வடியவிடுங்கள். தலைகீழாகத் தூக்கிச் சுழற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து, மார்பின் அகலமான இடத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், மார்பு மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி 30 அழுத்தம். பிறகு வாயைப் பொத்தி மூக்குவழியாக 2 மூச்சு. இப்படியே மாறி மாறி. எழுந்து வாலாட்டினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரும்.

நிறுத்திய வண்டி

மார்கழியில் விடியற்காலைதான் குளிர். நடுப்பகலில் ஈரோட்டிலும் கரூரிலும் 30 டிகிரியை ஒட்டி வெயில் அடிக்கும். வெளியே 30 இருந்தால் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 40ஐத் தொடும், அரை மணியில் 48 ஆகிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைப்பதால் பெரிய மாற்றமில்லை. கேரவனில் இன்சுலேஷன் இருந்தால் சற்று மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான். "ஏசி ஓடுதே" என்று நம்பிப் போகிறவர்கள் மறப்பது, பேட்டரி இறங்கியதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும் என்பதை. காலை பத்து மணிக்கு வேப்பமரம் தந்த நிழல் ஒரு மணிக்கு வேறு இடத்தில் இருக்கும்.

நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105ஐத் தாண்டி, இடைவிடாத மூச்சிரைப்பு, செக்கச்சிவந்த ஈறு, தள்ளாட்டம் என்றால் முதலில் குளிர்வியுங்கள், பிறகு வண்டியை எடுங்கள். தொட்டித் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். நாய் குடிக்கத் தண்ணீர், ஒரு நாளைக்கு அதன் எடையில் கிலோவுக்குச் சுமார் 60 மில்லி. பயணத்தில் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ நாய்க்கு மூன்று நாளைக்கு ஏழெட்டு லிட்டர். குளத்து நீரைக் குடிக்காமல் இருக்க இதுதான் வழி.

ஓடும் வண்டியில் நாய் பின்கட்டில் உலாவக்கூடாது. மார்புப் பட்டை போட்டு இருக்கையின் பெல்ட் கொக்கியில் மாட்டுங்கள், அல்லது தரையில் போல்ட் போட்ட கூண்டில் விடுங்கள். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. ஏறுவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வாந்தி வரும் நாய் என்றால் மாத்திரையை மருத்துவரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வால்பாறையில் இரவில் நாயை வண்டிக்கு வெளியே கட்டாதீர்கள், சிறுத்தை வரும். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகக் காட்டுக்குள் நாயைக் கூட்டிப்போகவே கூடாது. நம் நாயிடமிருந்து தொற்றும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் செந்நாய்க் கூட்டத்தையே அழிக்கக்கூடியது.

வழியில் சாப்பிடுகிற பள்ளிபாளையம் சிக்கனை நாய்க்கும் ஒரு துண்டு என்று நீட்டுகிறவர்கள் கவனிக்க: எலும்பும் மிளகாயும் இருக்கட்டும், அதில் கிடக்கும் சின்ன வெங்காயமே நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சர்க்கரைப் பொங்கலின் உலர்திராட்சை சிறுநீரகத்துக்கு ஆகாது.

கிளம்பும் முன்னும் திரும்பிய பின்னும்

எலிச்சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) நோய்க்குத் தடுப்பூசி உண்டு. முதல்முறை போடுகிற நாய்க்கு மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கொன்று. இரண்டாம் ஊசிக்குப்பின் இரண்டு வாரமாவது வேண்டும். எனவே தீபாவளியை ஒட்டியே தொடங்கிவிட வேண்டும். ரேபிஸ் ஊசி நாள் தவறியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டில் தங்கினால் உண்ணி நிச்சயம். மேய்ச்சல் மாடுகள் உள்ள இடம் அது. உண்ணிக்கான மாத்திரைகளில் ஃப்ளூரலேனர் 12 வாரம் காக்கும், அஃபாக்சோலேனர் ஒரு மாதம். வலிப்பு வரும் நாய் என்றால் மாத்திரை வாங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலக்கி நாய்மேல் ஊற்றி, நடுக்கத்தோடு கொண்டுவருவது லீவுக்கு லீவு நடக்கிறது. ராத்திரி டார்ச் வைத்துக் காது உட்புறம், கால்விரல் இடுக்கு, வாலடி, தொடை மடிப்பு பாருங்கள். உண்ணி இருந்தால், தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு வேண்டாம். அதே டார்ச்சில் ஊசிப்புல் விதை குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். விரலிடுக்கில் புகுந்தால் உள்ளேயே நகர்ந்து சீழ் வைக்கும்.

ஊர் திரும்பி மூன்று வாரம்வரை கவனம் தேவை. காய்ச்சல், சோர்வு, வாந்தி, காப்பி நிறச் சிறுநீர், வெளிறிய அல்லது மஞ்சள் ஈறு, மூக்கில் ரத்தம், இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே கொண்டுவாருங்கள். "சாப்பிட மாட்டேங்குது" என்பதோடு நிறுத்தாமல், எந்தத் தண்ணீரில் இறங்கியது, எங்கே படுத்தது, உண்ணி எடுத்தீர்களா என்று சொல்லுங்கள். லெப்டோ என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றும், சிறுநீரைக் கையுறை போட்டுத்தான் கழுவ வேண்டும். மருந்துக்கடையில் டாக்ஸிசைக்ளின் வாங்கி இரண்டு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு வராதீர்கள். அதற்கப்புறம் ரத்தத்துளியைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் ஸ்மியர் சோதனையில், உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி கண்ணுக்குச் சிக்காது.