வேளாண் கண்காட்சிக்கு வெறுங்கையோடு வராதீர்கள்

செர்டாங்கில் பல்கலைக்கழக வேளாண் கண்காட்சி நடக்கும் நாள்களில் கோலாலம்பூரிலிருந்து நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பலாக்கன்று வாங்குகிறார்கள், பிள்ளைகளுக்கு ஆட்டையும் மாட்டையும் காட்டுகிறார்கள், சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். பயிர் நோய் ஆலோசனை மேசையில் உட்கார்ந்திருக்கும் நான் அவர்களின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நகக்கண்ணில் வாழைக்கறை ஏறிய கைகள், பூச்சிமருந்து பட்டுத் தோலுரிந்த கைகள். அவர்கள் விவசாயிகள். மேசையைப் பார்த்துவிட்டு, தயங்கி, கடந்து போய்விடுகிறார்கள். படித்தவர்களிடம் என்ன கேட்பது என்ற கூச்சம் அது.

கண்காட்சி நடக்கும் அந்தப் பல்கலைக்கழக வளாகம் 1931-இல் ஒரு வேளாண் பள்ளியாகத் தொடங்கியது. 1971-இல் வேளாண் பல்கலைக்கழகமாகி, 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. 1969-இல் தொடங்கப்பட்ட மார்டி என்ற வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் செர்டாங்கில்தான் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து எம்ஆர்டி ரயில் ஏறினால் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் வருகிறது. இத்தனை பக்கத்தில் இவ்வளவு அறிவு இருந்தும், வாழை வாடினால் நம் விவசாயி முதலில் போவது மருந்துக் கடைக்குத்தான்.

ஒருமுறை ஒரு பெரியவரை அவருடைய பேத்தி கையைப் பிடித்து என் மேசைக்கு இழுத்து வந்தாள். அங்கே படிக்கும் மாணவி. "சொல்லுங்கள் தாத்தா" என்று நாற்காலியில் உட்கார வைத்தாள். பந்திங் பக்கம் இலைக்காகவே வாழை போட்டிருக்கிறார். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அவருடைய இலை போகிறது. ஆறு மாதமாக மரங்கள் ஒவ்வொன்றாக மஞ்சளித்துச் சாய்கின்றன. கடைக்காரர் கொடுத்த பூஞ்சைக் கொல்லியை மாற்றி மாற்றி அடித்திருக்கிறார். "பணம்தான் கரைகிறது தம்பி, மரம் நிற்கவில்லை" என்றார். கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். மஞ்சளான வாழை, அவ்வளவுதான் தெரிந்தது. அதை வைத்து எந்த நோய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"நாளைக்கு மரத்தில் ஒரு துண்டு கொண்டு வாருங்கள் ஐயா" என்றேன். மறுநாள் உரச் சாக்கில், வேரும் மண்ணுமாக ஒரு முழுக் கன்றையே தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வழியெல்லாம் மண் சிந்தியிருந்தது. நாலு மேசை தள்ளி நாற்றுகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். சிந்திய மண்ணோடு நோயும் அவற்றுக்குப் போய்விடுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பிழை என்னுடையது. எப்படிக் கொண்டு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

கன்றின் தண்டைக் குறுக்கே வெட்டினேன். உள்ளே செம்பழுப்புப் புள்ளிகள். இதுவரைக்கும் பனாமா வாடல் என்றும் சொல்லலாம், பாக்டீரியா என்றும் சொல்லலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, தண்டிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை அதில் பாதி முங்கும்படி தொங்கவிட்டேன். குவளைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டிய முனையிலிருந்து பால்போல மெல்லிய நூல் ஒன்று ஆடாமல் அசையாமல் கீழே இறங்கியது. பிறகு இன்னொன்று. பெரியவர் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். பனாமா வாடல் பூஞ்சையால் வருவது, அதில் இப்படி நூல் இறங்காது. இது பாக்டீரியா. எந்தப் பாக்டீரியா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஆனால் பூஞ்சைக் கொல்லியை அன்றே நிறுத்தச் சொல்ல இந்தக் குவளை போதும். ஆறு மாதச் செலவும் வீண் என்பது அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

இலை அறுக்கும் அரிவாளை எப்போதாவது கழுவுவாரா என்று கேட்டேன். எதற்குக் கழுவ வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். நோய் கண்ட மரத்தில் இலை அறுத்த அரிவாள் அடுத்த மரத்தைத் தொடும்போது நோயும் கூடவே போகிறது. இலைக்காக வளர்ப்பவர் பழத்துக்கு வளர்ப்பவரைவிடப் பல மடங்கு அதிகமாகக் கத்தி வைக்கிறார். அவர் தோட்டத்தில் நோய் வரிசை பிடித்துப் பரவியதற்குக் காரணம் அவர் கையிலேயே இருந்தது. இரண்டு அரிவாள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு பங்கு குளோரோக்ஸ் வெளுப்பு நீர், ஒன்பது பங்கு தண்ணீர். ஒன்று வாளியில் ஊறட்டும், மற்றது வெட்டட்டும், மரத்துக்கு மரம் மாற்றுங்கள். பூ விடும் மரங்களில் கடைசிச் சீப்பு வந்ததும் பூவைக் கவைக்கோலால் ஒடித்துவிட வேண்டும், கத்தி வைக்கக்கூடாது. பூச்சிகள் அந்தப் பூவின் வழியாகவும் நோயைக் கொண்டு வருகின்றன.

எழுந்து போகும்போது அவர் காலைக் கவனித்தேன். கணுக்காலில் அழுக்குத் துணி சுற்றியிருந்தார். மூன்று வாரப் புண், வலிக்கவில்லை என்றார். வலிக்காததுதான் எனக்குப் பயம், சர்க்கரை நோயில் கால் மரத்துப்போகும். பக்கத்துக் கூடாரத்தில் இலவச இரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்த தாதியிடம் அழைத்துப் போனேன். சர்க்கரை அளவு மிக உயர்ந்திருந்தது. அவருக்கு அதுவரை தெரியாது. நம் நாட்டு மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இருக்கிறது, புண் வழியாக உள்ளே நுழையும், நீரிழிவுக்காரர்களைத்தான் அது அதிகம் தாக்குகிறது. அந்த நோய்க்கு 1921-இல் பெயர் வைத்தவர்கள் கோலாலம்பூரில் பணியாற்றிய ஸ்டாண்டன், ஃபிளெட்சர் என்ற இரு மருத்துவர்கள். வாழையைச் சாய்க்கும் பாக்டீரியாவின் இனத்தையும் இந்தக் கிருமியையும் அறிவியல் ஒரு காலத்தில் ஒரே பேரினத்தில் வைத்திருந்தது. மரத்துக்கும் மனிதனுக்கும் தனித்தனி மேசை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது.

இனி வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். படம் மட்டும் போதாது, முழுக் கன்றும் வேண்டாம். நோய் தொடங்கி இன்னும் சாகாத மரத்தில் தண்டுத் துண்டு ஒன்று எடுத்து, மண் ஒட்டாமல் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஒரே இரவில் அழுகிவிடும், அழுகலிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கன்று எங்கே வாங்கியது, எந்தப் பக்கத்து மரம் முதலில் சாய்ந்தது, தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஒரு தாளில் கிறுக்கினாலும் சரி. அடித்த மருந்தின் பெயர் நினைவில்லை என்றால் புட்டியின் லேபிளைப் படம் பிடித்து வாருங்கள். பதிவு எண் இல்லாத புட்டி என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய புட்டி இன்னும் கொட்டகையில் இருந்தால், அதை என்ன செய்வது என்று கேட்க வருவதே நல்ல காரியம்.

சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் மேசையையும் தாண்டிப் போய்விடாதீர்கள். சுயதொழில் செய்பவர்களுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2020-இலிருந்து விவசாயிகளுக்கும் உண்டு. சம்பளம் கொடுக்கும் முதலாளி இருந்தால்தான் சொக்சோ என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பேர் காப்பீடு இல்லாமல் அரிவாள் பிடிக்கிறார்கள். தற்காலிக உரிமத்தில் அரசு நிலத்தில் பயிர் செய்கிறவர்கள் அந்த உரிமம் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். நில அலுவலகத்தார் வந்திருந்தால் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

என் சக ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வண்ணப் பதாகைகளைக் குறைத்துக்கொண்டு இரண்டு நாற்காலி கூடுதலாகப் போடுங்கள். தமிழ் பேசும் மாணவர் ஒருவரை மேசையில் உட்கார வையுங்கள். அந்தப் பேத்தி இல்லாவிட்டால் பெரியவர் என்னிடம் வந்திருக்கவே மாட்டார். வந்தவரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, ஆய்வக முடிவு வந்ததும் நாமே அழைத்துச் சொல்ல வேண்டும். கண்காட்சி முடிந்த மறுநாள் கூடாரத்தோடு சேர்த்து விவசாயியையும் மறந்துவிடுகிறோம். இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பெரியவரை நான் அழைத்தேன். மருத்துவமனைக்குப் போனாராம், புண் ஆறி வருகிறதாம், பேத்தி ரப்பர் காலணி வாங்கிக் கொடுத்திருக்கிறாளாம். நோய்பட்ட மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார், அந்தப் பக்கம் இலை அறுப்பதில்லை. பிறகு அவர் ஒரு சந்தேகம் கேட்டார்: வாளியில் கலந்த குளோரோக்ஸ் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும்? காலையில் கலந்ததை மாலையில் கொட்டிவிட வேண்டும், வாழைப் பால் கறை அதிகம் சேர்ந்தால் மதியமே மாற்ற வேண்டும் என்றேன். வேலை முடிந்ததும் அரிவாளை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் துருப்பிடித்துவிடும் என்பதையும் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது அது.