கிரகண நிலாவின் நீல ஓரம்

2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கோளில் உயிரின் அறிகுறி தெரிவதாகச் செய்தி வந்தது. அதைப் படித்த வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். 124 ஒளியாண்டு தள்ளி இருக்கும் கோளின் காற்றில் இன்ன வாயு இருக்கிறது என்று இங்கிருந்தே எப்படிச் சொல்கிறார்கள்? சொன்னாலும் நாம் அங்கே போகப்போவதில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு செலவு? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். முதல் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். ஒரு கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே கடந்துபோனால் விண்மீனின் வெளிச்சம் துளி குறையும். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பக் குறைந்தால் அங்கே கோள் இருக்கிறது. எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து கோளின் பருமன் தெரியும். கெப்ளர் விண்கலம் கே2-18பி-யை 2015இல் இப்படித்தான் காட்டிக்கொடுத்தது. 33 நாளுக்கு ஒருமுறை அது தன் சிவப்புக் குள்ள விண்மீனின் ஒளியில் ஆயிரத்தில் மூன்று பங்கை மறைக்கிறது. அந்தக் கோளை ஒரு புள்ளியாகக்கூட யாரும் நேரில் படம் எடுத்ததில்லை.

சரி, கண்ணுக்கே தெரியாத கோளின் காற்று மட்டும் எப்படித் தெரியும்? அதற்கு முதலில் நம் நிலாவைப் பார்க்க வேண்டும்.

முழு சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் நிலாவை மூடிய பிறகும் நிலா காணாமல் போவதில்லை. செம்பு நிறத்தில் மங்கலாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் நிலாவில் நின்று பூமியைப் பார்ப்பவருக்கு, சூரியனை மறைத்து நிற்கும் ஒரு கரிய வட்டமும் அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையமும் தெரியும். அந்த வளையம்தான் நம் காற்று. சூரிய ஒளி அதற்குள் நுழைந்து, சற்றே வளைந்து, நீல நிறத்தை வழியெல்லாம் சிதறவிட்டு, மிச்சமிருக்கும் சிவப்போடு வெளியேறி நிலாவில் விழுகிறது.

இதுவரை பலருக்கும் தெரிந்ததே. நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. நிலா முழுநிழலுக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் ஒரு பைனாகுலரால் நிழலின் ஓரத்தைக் கவனியுங்கள். சிவப்புக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே இளநீலமாக ஒரு பட்டை தெரியும். அந்த இடத்தில் விழும் ஒளி காற்றின் மேலடுக்கில், ஓசோன் படலம் வழியாக வந்தது. ஓசோன் ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறது. அதனால் மிஞ்சுவது நீலமாகத் தெரிகிறது.

ஓசோன் எதிலிருந்து உண்டாகிறது? ஆக்சிஜனிலிருந்து. அவ்வளவு ஆக்சிஜன் காற்றில் எப்படிச் சேர்ந்தது? சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அதைக் காற்றில் நிரப்ப ஆரம்பித்தவை நுண்ணுயிர்கள். இன்றும் கடல் பாசிகளும் மரங்களும் அதை விடாமல் நிரப்பிக்கொண்டிருக்கின்றன. அப்படியென்றால், பூமியில் உயிர் இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி 3,84,000 கிலோமீட்டர் தள்ளி, நிலாவின் மேல் நீலக் கோடாக விழுகிறது! கிரகணத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இந்தக் காட்சியை அவர்கள் இழக்கிறார்கள்.

2019 ஜனவரி கிரகணத்தின்போது ஹபிள் தொலைநோக்கி நிலாவையே கண்ணாடியாகப் பயன்படுத்தி, அதில் பட்டுத் திரும்பிய ஒளியில் ஓசோனின் தடத்தைப் பதிவுசெய்தது. தூரத்துக் கோளிலும் இதே வேலைதான் நடக்கிறது. கோள் விண்மீனைக் கடக்கும்போது அதன் விளிம்பில் உள்ள காற்று வளையத்தின் வழியாகக் கொஞ்சம் ஒளி ஊடுருவி வருகிறது. அந்த ஒளியில் எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால், என்ன வாயு அதை விழுங்கியது என்று தெரிந்துவிடும்.

வாயு ஏன் குறிப்பிட்ட நிறத்தை மட்டும் விழுங்க வேண்டும்? மூலக்கூறு என்பது சுருள்வில்லால் கோத்த உருண்டைகளைப் போன்றது. கார்பன் டை ஆக்சைடில் நடுவில் ஒரு கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன். இந்த மூன்றும் தமக்கே உரிய தாளத்தில் அதிர்கின்றன. ஓர் அதிர்வு வினாடிக்குச் சுமார் 70 லட்சம் கோடி முறை. அதே வேகத்தில் அதிரும் ஒளி வந்து தொட்டால் மூலக்கூறு அதை வாங்கிக்கொள்ளும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தானே உயரப் போகும், அதுபோல. அந்த ஒளியின் அலைநீளம் 4.3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மீத்தேனுக்கு 3.3 மைக்ரான் பக்கம் ஒரு தாளம் உண்டு. நைட்ரஜன் மாதிரி இரண்டு ஒரே அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அகச்சிவப்பை அநேகமாகக் கண்டுகொள்வதே இல்லை. நம் காற்றில் முக்கால் பங்கு நைட்ரஜன்தான் என்றாலும், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது எளிதில் தெரியாது.

இதன் விளைவு மிக அழகானது. 4.3 மைக்ரானில் பார்க்கும்போது கார்பன் டை ஆக்சைடு நிறைந்த காற்று ஒளியை விடாமல் சுவர்போல நிற்கும். அந்த நிறத்தில் கோள் சற்றுப் பெரிதாகத் தெரியும். வேறொரு நிறத்தில் அதே காற்று கண்ணாடிபோல இருக்கும், கோள் சிறிதாகிவிடும். ஒரே கோள், நிறத்துக்கு நிறம் அளவு மாறுகிறது! ஆராய்ச்சியாளர்கள் உண்மையில் அளப்பது இதைத்தான். ஒவ்வொரு நிறத்திலும் கோள் எவ்வளவு பெரியது என்று குறித்து வரைபடம் போட்டால், மேடுகள் வரும் இடத்தில் வாயுவின் பெயர் எழுதியிருக்கும். 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி சுமார் 700 ஒளியாண்டு தள்ளியுள்ள வாஸ்ப்-39பி என்ற வாயுக் கோளைப் பார்த்தபோது, 4.3 மைக்ரானில் ஒரு மேடு சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுந்து நின்றது. நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோளின் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருப்பது அப்போதுதான் முதன்முறையாக ஐயமறத் தெரிந்தது.

அப்புறம், வாயு இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. வெள்ளியின் காற்று முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு, அங்கே இதுவரை உயிர் எதையும் நாம் கண்டதில்லை. சேர்ந்து இருக்கக் கூடாத வாயுக்கள் சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜனும் மீத்தேனும் ஒன்றையொன்று அழித்துக்கொள்பவை. பூமிக் காற்றில் மீத்தேன் சுமார் பத்து ஆண்டுதான் தாங்கும். இரண்டும் ஒன்றாக நீடிக்கின்றன என்றால் யாரோ விடாமல் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். 1990 டிசம்பரில் வியாழனுக்குப் போகும் வழியில் கலிலியோ விண்கலம் பூமியைக் கடந்தபோது, வானியலாளர் கார்ல் சேகன் குழுவினர் அதன் கருவிகளைப் பூமியின் பக்கம் திருப்பி, இங்கே உயிர் இருப்பது தெரிகிறதா என்று சோதித்தார்கள். ஏராளமான ஆக்சிஜனும் கூடவே மீத்தேனும் தெரிந்தன. விடை தெரிந்த கணக்கைப் போட்டு முறையைச் சரிபார்த்தார்கள். அறிவியல் நடந்துகொள்ள வேண்டிய விதம் இது.

கே2-18பி-க்கு வருவோம். 2023இல் வெப் அங்கே மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் கண்டது. 2025இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழு, டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவின் தடம் தெரிவதாக அறிவித்தது. பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் வாயு அது. ஆனால் அந்தத் தடம் தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. கண்டுபிடிப்பு என்று ஏற்க பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதே தரவை மறுபடி அலசிய மற்ற குழுக்களுக்கு அந்த அளவு உறுதிகூடக் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, இந்த வாயு வால்மீன் ஒன்றில் தென்பட்டிருக்கிறது, ஆய்வகத்தில் உயிரின் உதவி இல்லாமலும் உண்டாகியிருக்கிறது. எனவே இன்றைய நிலையில் அது உயிரின் அறிகுறி அல்ல. அவசரத் தலைப்பு போடும் ஊடகங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. நாளை உண்மையான அறிகுறி கிடைக்கும்போது மக்கள் அதை நம்பாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

இனி செலவு. வெப் தொலைநோக்கிக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகள் சேர்ந்து செலவிட்டது சுமார் 1,000 கோடி டாலர். பெரிய தொகைதான். 2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். ஒன்றரை நாள் ராணுவச் செலவில் ஒரு வெப் வந்துவிடும். விண்வெளியிலிருந்து வரக்கூடிய வானொலிச் சைகைகளைக் கேட்க 1992இல் நாசா தொடங்கிய திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி டாலர்தான் ஆனது. அதையும் அமெரிக்க நாடாளுமன்றம் மறு ஆண்டே நிறுத்தியது. அது தவறான முடிவு என்றே நினைக்கிறேன். நாம் தனியா என்று மனிதர்கள் காலங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறோம், விடையை அளந்து பார்க்கும் கருவி நம் தலைமுறைக்குத்தான் கிடைத்திருக்கிறது.

நேரடிப் பயனும் உண்டு. தூரத்துக் கோளில் மீத்தேனைக் காட்டும் அதே உத்தியால்தான், பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் எரிவாயுக் குழாய்களிலிருந்து கசியும் மீத்தேனைக் கண்டுபிடிக்கின்றன. பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடும் இதே மாதிரி அதிர்வுகளால்தான் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது.

இப்போது நான் ஆவலோடு கவனிப்பது ட்ராப்பிஸ்ட்-1 விண்மீனை. 40 ஒளியாண்டு தொலைவு, பூமி அளவில் ஏழு கோள்கள். மிக உள்ளே இருக்கும் கோளில் காற்று அநேகமாக இல்லை என்று 2023இல் வெப் காட்டியது. நான்காவது கோள், தண்ணீர் திரவமாக இருக்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அதற்குக் காற்று உண்டா என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை, விண்மீனின் கரும்புள்ளிகள் கணக்கைக் குழப்புகின்றன. ஆனால் அந்தக் கோள் ஆறு நாளுக்கு ஒருமுறை விண்மீனைக் கடக்கிறது. வெப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தாங்கும் எரிபொருள் இருந்தது. ஒவ்வொரு கடப்பிலும் கிடைக்கும் ஒளியை முந்தைய ஒளியோடு சேர்த்துச் சேர்த்து, அந்த வளையத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.