வைட்டமின் ஈ எண்ணெய்: சொல்லும் பொருளும்

மருந்துக் கடையில் கேப்சூலாக வாங்கி, ஊசியால் குத்திப் பிழிந்து முகத்தில் தடவப்படும் பிசுபிசுப்பான திரவத்தை 'வைட்டமின் ஈ எண்ணெய்' என்கிறோம். இத்தொடரின் மூன்று சொற்களில் ஒன்றுகூடத் தோலைப் பற்றியது அன்று.

1912இல் உயிர்வேதியியலாளர் காசிமிர் ஃபங்க், உயிர் எனப் பொருள்படும் 'வீட்டா' என்ற இலத்தீன் சொல்லோடு, நைட்ரசன் கொண்ட சேர்மங்களைக் குறிக்கும் 'அமீன்' என்பதை இணைத்து 'வைட்டமின்' என்ற பெயரை ஆக்கினார். இவ்வகைப் பொருள்கள் எல்லாமே அமீன்கள் அல்ல என்று தெரிந்தபின், 1920இல் மற்றோர் உயிர்வேதியியலாளரான ஜாக் டிரம்மண்ட் ஆங்கிலச் சொல்லின் இறுதி எழுத்தான 'e'யை நீக்கி அந்தப் பொருத்தமின்மையைப் பூசி மெழுகினார். வைட்டமின் ஈயில் நைட்ரசன் அணு ஒன்றுகூட இல்லை. தமிழின் 'உயிர்ச்சத்து' அமீனை விட்டுவிட்டு உயிரை மட்டும் எடுத்துக்கொண்டதால், மூலத்தைவிடத் துல்லியமானது என்பேன். 'சத்து' வடசொல் என்று தயங்குவோர் உண்டு; ஊட்டச்சத்து, சத்துணவு என வேரூன்றிவிட்ட சொல்லை இனிப் பெயர்க்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழில் 'விற்றமின்' என்ற ஒலிபெயர்ப்பே வழக்கு.

'ஈ' வெறும் வரிசை எழுத்து. 1922இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவன்சும் கேத்தரின் பிஷப்பும், குறிப்பிட்ட உணவை மட்டும் உண்ட பெண் எலிகள் கருவுற்றும் ஈனாமல் போவதையும், கீரை வகை இலைகளைச் சேர்த்ததும் அக்குறை நீங்குவதையும் கண்டனர். முன்னைய எழுத்துகள் ஏற்கெனவே பயன்பட்டுவிட்டதால் இதற்கு அடுத்த எழுத்து வாய்த்தது. ஆங்கில எழுத்தின் ஒலி நெடில் ஆகையால் 'இ' என்று குறுக்காமல் 'ஈ' என்றே எழுதுவது முறை.

1936இல் கோதுமை முளை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தபோது இதற்கு வேதிப்பெயர் தேவைப்பட்டது. கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜார்ஜ் கால்ஹூன், மகப்பேற்றைக் குறிக்கும் 'டோகோஸ்', தாங்குதலைக் குறிக்கும் 'ஃபெரைன்' ஆகியவற்றை எடுத்துத் தர, ஆல்கஹாலின் 'ஆல்' ஈறு சேர்ந்து 'டோகோஃபெரால்' பிறந்தது. முகத்தில் தடவும் பொருளின் பெயருக்குள் பிள்ளைப்பேறு ஒளிந்திருப்பது இவ்வாறுதான். இதனைத் தமிழில் மொழிபெயர்த்தால் நகைப்பே மிஞ்சும், ஒலிபெயர்ப்பே போதும்.

'எண்ணெய்' என்பது எள் + நெய். எள்ளின் நெய்யை மட்டும் சுட்டிய சொல் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுவாகிவிட, எள்ளுக்கு உரியதைக் குறிக்க 'நல்லெண்ணெய்' என்ற தனிப்பெயர் வேண்டியதாயிற்று. அவ்விரிவின் பயனாகவே, எள்ளோ செக்கோ காணாத இத்திரவத்தையும் எண்ணெய் என்று தயக்கமின்றிச் சொல்கிறோம்.

தோலுக்கு இது பரிந்துரைக்கப்படும் காரணம், கொழுப்புகள் ஆக்சிசனேற்றத்தால் சிதைவதை இது தடுப்பதே. ஆனால் தழும்பு மறையும் என்ற நம்பிக்கைக்கு வலுவில்லை: 1999இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் பெரும்பான்மையோருக்குத் தழும்பில் பலன் தெரியவில்லை அல்லது தோற்றம் மோசமானது; மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோலில் ஒவ்வாமை அழற்சி ஏற்பட்டது. ஆகவே முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்ப்பதே நல்லது.

உறையில் 'டோகோஃபெரில் அசிட்டேட்' என்றிருந்தால், அது காற்றில் எளிதில் கெடாதபடி அசிட்டிக் அமிலத்தோடு பிணைத்த வடிவம். தோலுக்குள் அப்பிணைப்பு அவிழ்ந்த பின்னரே அது டோகோஃபெரால் ஆகும்.