தட்டில் செத்த கிருமி காலில் சாகவில்லை

தைப்பூசக் காவடி முடிந்தால் இங்கே மொரீஷியஸில் காலில் புண்ணோடு வருபவர்கள் கூடிவிடுவார்கள். இந்த ஆண்டு வந்த ஓர் அம்மாவுக்கு நெடுநாள் சர்க்கரை நோய். மலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறியிருக்கிறார். மரத்துப்போன பாதத்தில் கல் குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. பிறகு பத்து நாள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார். உப்புநீரில் ஊறவைத்து எடுத்தபோது காய்ந்த மஞ்சள் ஓடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் சீழ். தோல் முழுக்க மஞ்சள் ஏறியிருந்ததால் சிவப்பு எதுவரை பரவியிருக்கிறது என்றுகூட என்னால் பார்க்க முடியவில்லை. பரிசோதனையில் தெரிந்தது, மெத்திசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமி. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

“மருந்துக்கு அடங்காத கிருமியையும் மஞ்சள் கொல்லுமாமே, டாக்டர் தம்பி” என்று மகன் அனுப்பிய செய்தியைக் கைப்பேசியில் காட்டினார். இதே செய்தியை எத்தனை பேர் காட்டிவிட்டார்கள்!

அந்தச் செய்திக்குப் பின்னால் உள்ள ஆய்வு பொய் இல்லை. ஆனால் அது நடந்தது ஆய்வகத் தட்டில். தட்டில் கிருமி வளர்த்து, அதன்மேல் செடியின் சாற்றைச் செறிவாக வைக்கிறார்கள். சுற்றிலும் கிருமி செத்துவிடுகிறது. வினிகரை வைத்தாலும் சாகும், வெளுப்பு நீரை வைத்தாலும் சாகும். அதற்காக வெளுப்பு நீரைக் குடிப்போமா? மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது; சாப்பிட்டால் இரத்தத்தில் சேர்வதும் மிகச் சொற்பம். புண்ணில் கிருமி தனியாகவும் இருப்பதில்லை. பிசின் போன்ற படலத்தைப் போர்த்திக்கொண்டு, இரத்தம் எட்டாத செத்த சதையில் குடியிருக்கிறது. மேலே தடவும் பற்று அங்கே போய்ச் சேராது.

தாவரங்களை நான் இகழவில்லை. பெர்பெரிஸ் என்ற செடிவகையில் உள்ள பெர்பெரின் கிருமியைக் கொல்லக்கூடிய பொருள்; ஆனால் அது தனக்குள் நுழைந்தால் ஸ்டாபிலோகாக்கஸ் அதை வெளியே இறைத்துவிடும். அந்த இறைப்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் இச்செடிகளில் சில தாமே உண்டாக்குகின்றன என்று 2000இல் கண்டறிந்தார்கள். மிளகின் காரப் பொருளான பைப்பரினும் ஆய்வகத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு இப்படித் துணை நிற்கிறது. மருந்துக்குத் துணையாக வரக்கூடியவை இவை. அந்த நாளும் இன்னும் வரவில்லை.

இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசு கிடையாது. பிறகு ஏன் பத்து நாள்? தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கீறல் இருந்தால் குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, மறுநாளே வாருங்கள். அண்ணனுக்குக் கொடுத்ததில் மிஞ்சிய மாத்திரையை விழுங்காதீர்கள். உங்களுக்கு எழுதிக் கொடுத்ததைப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம். காவடி எடுப்பவர்கள் விரதம் தொடங்கும்போதே பாதத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஏற்கெனவே மஞ்சள் பூசிவிட்டீர்களா? பரவாயில்லை, திட்ட மாட்டேன். எதை, எத்தனை நாள் பூசினீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.