ஏன் என்று சொல்லாமல் தொடக் கூடாது

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'மே', 'மஸ்ட்' இரண்டையும் கோடிட்ட இடத்தில் நிரப்பச் சொன்னால் பாதிப் பேர் சரியாக நிரப்பிவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் "நாளைக்கு மழை வரலாம்" என்பதை இங்கிலீஷில் சொல்லு என்றால் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும். வருஷக்கணக்கில் இதைப் பார்த்த பிறகுதான் அணி விளையாட்டுகளை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். ஸ்பெல்லிங் போட்டி மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அதில் ஏற்கெனவே தெரிந்த பிள்ளை ஜெயிக்கும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நான் சொல்வது, கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டிய விளையாட்டு.

எனக்கு அதிகம் கைகொடுத்தது கோட்நேம்ஸ். செக் நாட்டு விளாடா ஹ்வாட்டில் உருவாக்கி 2015இல் வந்த போர்டு கேம். மறு ஆண்டே ஜெர்மனியின் ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருது வாங்கியது. பெட்டி வாங்க வேண்டிய அவசியமில்லை, ஒரு சார்ட் பேப்பர் போதும். ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு 25 இங்கிலீஷ் சொற்களை எழுதுங்கள். எது யாருடைய சொல் என்ற வரைபடம் இரண்டு அணித் தலைவர்களிடம் மட்டும் இருக்கும். முதலில் ஆடும் அணிக்கு 9, மற்ற அணிக்கு 8, யாருக்கும் சொந்தமில்லாதவை 7, மிச்சம் ஒன்று கொலைகாரச் சொல், அதைத் தொட்ட அணி அந்த நிமிஷமே தோற்றது. தலைவர் குறிப்பு என்று ஒரு சொல்லும் ஓர் எண்ணும் மட்டுமே சொல்லலாம். அந்தக் குறிப்போடு சேரும் தங்கள் சொற்கள் எத்தனை என்பதுதான் எண், அவை எவை என்று அணி பேசி முடிவெடுத்துத் தொட வேண்டும்.

ஒருநாள் ஒரு பெண் "ரிவர், 2" என்றாள். அணி உடனே 'ஃபிஷ்' தொட்டது. இரண்டாவதுதான் சிக்கல். 'பேங்க்' இருந்தது. "பேங்க்னா பணம் போடுற இடம்டா" என்று ஒருவன், "ஆத்தங்கரைக்கும் பேங்க்னுதான் பேரு" என்று இன்னொருத்தி, ஐந்து நிமிஷம் விடாமல் வாக்குவாதம். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வரும் என்று நான் தனியாகப் பாடம் நடத்தியிருந்தால் இவ்வளவு ஆழமாக மனதில் தங்கியிருக்காது.

ஆனால் கவனித்தீர்களா, அந்த வாக்குவாதம் முழுக்கத் தமிழில் நடந்தது. இங்கேதான் நிறைய ஆசிரியர்கள் மனம் தளர்ந்து விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் தமிழுக்குத் தடை போடுகிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் தமிழில் பேசினால் அபராதம் என்று வைத்திருந்தார்கள், பிள்ளைகள் இங்கிலீஷுக்கு மாறவில்லை, வாயை மூடிக்கொண்டார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் ஒரு நோட்டோடு சுற்றி வருவேன். "வேணாம்டா, மாட்டிக்குவோம்" என்று சூட்டோடு அவர்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்வேன். கடைசிப் பத்து நிமிஷத்தில் அதில் மூன்றை எடுத்து, இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்லலாம் என்று சேர்ந்து யோசிப்போம். அந்த வாக்கியங்கள் கரும்பலகை ஓரத்தில் வாரம் முழுக்க இருக்கும். அடுத்த ஆட்டத்துக்கு அவர்களுக்கே அது தேவைப்படும்.

அப்புறம் ஒரு விதி: 'ஐ திங்க்', 'பிகாஸ்' இரண்டும் வைத்துக் காரணம் சொல்லாமல் எந்தச் சொல்லையும் தொடக் கூடாது. காரணம் சொன்ன பிள்ளை, மற்ற எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை மறுபடி சொல்லவும் கூடாது. இது இல்லையென்றால் டியூஷன் போகும் இரண்டு பேர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வார்கள். அதேபோல 40 பேரை இரண்டே அணியாகப் பிரித்தால் முக்கால்வாசிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஐந்துக்கு ஐந்து பேராக நான்கு ஆட்டம் தரையில் நடக்கட்டும். சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதுச் சொற்கள் 25இல் ஐந்தைத் தாண்டினால் ஆட்டம் நகராது.

போன மாதம் "ஒயிட், 3" என்று ஒரு குறிப்பு. 'மில்க்', 'டீத்' தொட்டாகிவிட்டது. மூன்றாவதாக 'மூன்' மேல் கை வைக்கப் போனார்கள். ஜூனில் இருந்து வாயே திறக்காத ஒரு பையன் கையைப் பிடித்து நிறுத்தி, "நோ, நோ. இட் மே பி கில்லர்" என்றான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். "ஒய்?" என்று ஒருத்தி கேட்டாள். கொஞ்ச நேரம் யோசித்தான். "பிகாஸ்... சால்ட் இஸ் மோர் ஒயிட்." நான் திருத்தவில்லை, நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன். அவர்கள் 'சால்ட்'டைத் தொட்டார்கள்.