சமபங்கு அல்ல, நியாயப் பங்கீடு

உள்ளாட்சி பட்ஜெட் பற்றிய மொழிபெயர்ப்புகளில் 'ஈக்விட்டி' (equity) என்ற ஆங்கிலச் சொல் வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு 'சமபங்கு' என்று போட்டுவிடுகிறார்கள். பங்குச்சந்தையில் ஈக்விட்டி என்றால் ஷேர்; அங்கே இருப்பவர் படித்தால் மாநகராட்சி ஷேர் விடுகிறதோ என்றுதான் நினைப்பார்.

லத்தீனில் வேர்ச்சொல்லுக்கு 'சமமான, மட்டமான' என்று பொருள். உண்மைதான். ஆனால் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் சட்டத்தின் விறைப்பைத் தளர்த்தி, வழக்கின் தன்மை பார்த்துத் தீர்ப்புச் சொன்ன முறைக்கும் ஈக்விட்டி என்றே பெயர். பட்ஜெட்டில் பேசப்படுவது இந்தப் பொருள்தான். வேர் ஒரு பக்கம், சொல் வழங்கும் விதம் ஒரு பக்கம்.

வேலூரையே எடுத்துக்கொள்வோம். 2008-இல் மாநகராட்சியானது, அதன்பின் சத்துவாச்சாரி, பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கும் காட்பாடி எல்லாம் சேர்ந்தன. இப்போது 60 வார்டுகள். வார்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையை வெட்டிக் கொடுத்தால் அது சமபங்கு. சரி, காந்தி ரோட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பங்களில் யாருக்கும் இங்கே ஓட்டு இல்லை. ஆனால் அவர்கள் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் வேண்டும், அவர்கள் போடும் குப்பையையும் அள்ளவேண்டும். நேதாஜி மார்க்கெட்டிலும் அப்படித்தான்: காய் வாங்குவது ஊர் முழுக்க, அழுகல் கிடப்பது ஒரு இடத்தில். இன்னொரு பக்கம், கால்வாயே வெட்டாத புது நகருக்கும் கால்வாயைத் தூர்வாரினால் போதும் என்கிற பழைய தெருவுக்கும் ஒரே தொகை என்றால், கணக்கு சரியாக இருக்கும், மழைத்தண்ணீர் வீட்டுக்குள் இருக்கும்.

சிலர் 'நேர்மையான ஒதுக்கீடு' என்கிறார்கள். அது இன்னும் மோசம். நேர்மை என்றால் கையூட்டு இல்லை என்றுதான் நம்மூரில் பொருள். ஒரு பைசா திருடாமலே தப்பாகப் பிரிக்க முடியுமே!

நம்மிடம் சொல் இல்லாமலா? பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்வதைப் பாடும் வெட்சித் திணையில் 'பாதீடு' என்று ஒரு துறை (உட்பிரிவு) உண்டு, தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. கவர்ந்த ஆநிரையை அவரவர் செய்த வேலையை அறிந்து பிரித்துக் கொடுப்பது. ஆநிரைப் பூசலில் செத்தவர்களுக்குச் செங்கம் பக்கம் நட்ட நடுகற்கள் வேலூரும் சேர்ந்திருந்த பழைய வடாற்காடு மாவட்டத்துக்குச் சொந்தம். நமக்கு அன்னியமான சொல் இல்லை. இலங்கைத் தமிழர் பட்ஜெட்டையே பாதீடு என்கிறார்கள். இங்கே எழுதினால் அடிக்குறிப்பு போடவேண்டியிருக்கும் என்பதால் 'நியாயப் பங்கீடு' போதும் என்பேன்.

நியாயம் வடசொல்லாயிற்றே என்று தனித்தமிழ் நண்பர்கள் கிளம்புவார்கள். சமம் மட்டும் என்னவாம்? தகவு என்றாலும் நியாயம்தான்; 'தகவுப் பங்கீடு' என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வார்டு கூட்டத்தில் எழுந்து நிற்கும் அம்மா, "நியாயமா பிரிச்சுக் குடுங்க" என்றுதான் கேட்பார்.