டி-ஸ்கோர் பாதிக் கதைதான்

போன வாரம் இடுப்பெலும்பு முறிந்து ஓர் அம்மா வந்தார். வயது 76. மகள் கையில் பழைய ஃபைல். மூன்று வருடங்களுக்கு முன் எடுத்த டெக்சா ஸ்கேனில் (எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன்) டி-ஸ்கோர் −2.2, புள்ளி எலும்புப்புரைக்கு முந்தைய மஞ்சள் பட்டையில் விழுந்திருந்தது. "எலும்புப்புரை இன்னும் வரல, கால்சியம் போதும்னு சொன்னாங்க, டாக்டர்" என்றார் மகள். ஃபைலைப் புரட்டினால், அதற்கும் முந்தைய வருடத்து மணிக்கட்டு எக்ஸ்ரே. வீட்டுக்குள் தடுக்கி விழுந்து முறிந்த மணிக்கட்டு. அதை யாரும் கணக்கில் எடுக்கவே இல்லை.

அன்று மதியமே 52 வயதில் இன்னொருவர். டி-ஸ்கோர் −1.8. முறிவு, ஸ்டீராய்டு, புகை எதுவும் கிடையாது. பயந்துபோய் ஒரு வருடமாக எலும்புப்புரைக்கான வார மாத்திரை சாப்பிடுகிறார். மருந்து வேண்டியவருக்குக் கிடைக்கவில்லை, வேண்டாதவர் விழுங்கிக்கொண்டிருக்கிறார். எத்தனை தடவைதான் இதைப் பார்ப்பது?

டி-ஸ்கோர் −2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை என்ற கோடு 1994-இல் உலக சுகாதார நிறுவனம் போட்டது. நோய்க்குப் பெயர் வைக்கப் போட்ட கோடு அது. −2.4 என்றால் பத்திரம், −2.6 என்றால் ஆபத்து என்று எலும்புக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. உங்கள் எலும்பை இளம்வயதுப் பெண்ணின் எலும்போடு ஒப்பிட்டு வரும் எண் டி-ஸ்கோர். அதில் உங்கள் வயதும் இல்லை, பழைய முறிவும் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். மருந்து இடுப்பு முறிவை 40 சதவீதம் குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்தில் நூற்றில் பத்துப் பேருக்கு முறியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்குக் கொடுத்தால், 25 பேருக்கு ஒரு முறிவு தவிரும். நூற்றில் ஒருவருக்குத்தான் முறியும் என்றால், ஒரே ஒரு முறிவைத் தவிர்க்க 250 பேர் மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரை அதேதான், செலவு பத்து மடங்கு. பக்கவிளைவுக்கு ஆளாகக்கூடியவர்களும் பத்து மடங்கு.

இந்த ஆபத்தைக் கணக்கிடத்தான் 2008-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஃபிராக்ஸ் வந்தது; வயது, பழைய முறிவு போன்றவற்றைக் கேட்டு, பத்து வருடத்தில் எலும்பு முறியும் வாய்ப்பைச் சொல்லும் கருவி அது. டி-ஸ்கோர் −2.5-ஐத் தொடாதவர்களுக்கும், பத்து வருட இடுப்பு முறிவு வாய்ப்பு 3 சதவீதம் அல்லது முக்கிய முறிவுகளின் (முதுகெலும்பு, இடுப்பு, மணிக்கட்டு, தோள்) வாய்ப்பு 20 சதவீதம் இருந்தால் மருந்தைப் பரிசீலிக்கலாம் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். செலவையும் பலனையும் நிறுத்துப் பார்த்து வந்த எண்கள் இவை. பிரிட்டனில் இந்த வரம்பு வயதோடு மாறும். மருந்து மலிவானால் கட்டுப்படியாகும் வரம்பும் இறங்கும். எலும்புப்புரை மாத்திரையான அலென்ட்ரோனேட் மலிவான ஜெனரிக்காக வந்தபின் அதுதான் நடந்தது.

சரி, மருந்து தேவை என்றே முடிவானால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். அலென்ட்ரோனேட் என்றால் காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. அப்புறம் அரை மணி நேரம் படுக்கவே கூடாது. பாதியில் விட்டுவிட்டு அலமாரியில் வைத்திருக்கும் மாத்திரை எந்த எலும்பையும் காப்பாற்றாது. எலும்புப்புரைக்கே டெனோசுமாப் என்ற ஊசி போடுகிறவர்கள் தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நிறுத்தியபின் முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்கி வருகிறவர்கள் உண்டு.

ஐம்பது வயதுக்குமேல், நின்ற உயரத்திலிருந்து விழுந்து எந்த எலும்பு முறிந்திருந்தாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை அப்புறம் பார்க்கலாம்.

அந்த அம்மாவின் மகளுக்கு இப்போது 51. அவருடைய ஃபிராக்ஸ் படிவத்தில், பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிவு உண்டா என்ற கேள்விக்கு இனி 'ஆம்'.